அட்டை மாறவில்லை, பதில் ஏன் மாறியது?

மனநலம்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவ உளவியலாளர் பதில்

போன இதழில் ஆளுமைச் சோதனைகளைப் பற்றி எழுதும்போது மைத்தடச் சோதனையை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போயிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த முறை இத்தனை கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே கவலை: இன்றைக்கு எடுத்த சோதனை நாளைக்கும் அதையே சொல்லுமா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழு இடத்தையும் இதற்கே தருகிறேன்.

என் மகன் 16 வயதில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தான். ஒரு மருத்துவமனையில் மை தெளித்தது போன்ற அட்டைகளைக் காட்டிச் சோதித்தார்கள். "நெருக்கடியைத் தாங்கும் திறன் குறைவு, சிந்தனையில் ஒழுங்கு குறைந்திருக்கிறது" என்று அறிக்கை கொடுத்தார்கள். இப்போது அவனுக்கு 21. டிப்ளமோ முடித்து வேலைக்குப் போகிறான். தூக்கம் சரியில்லை என்று வேறொரு இடத்தில் காட்டியபோது அதே அட்டைகளைத்தான் காட்டினார்கள். இந்த முறை "சிந்தனை சீராக உள்ளது, உணர்ச்சிகளை வெளிக்காட்டத் தயங்குகிறார்" என்று வந்திருக்கிறது. எது உண்மை டாக்டரம்மா? பழைய அறிக்கையைப் படித்துவிட்டு நான் அழாத நாள் கிடையாது.
– எஸ்.பி., கோவில்பட்டி

அம்மா, இரண்டுமே அந்தந்த நாளுக்கு உண்மையாக இருக்கலாம். ஆனால் இரண்டில் எதுவும் உங்கள் மகனின் தலையெழுத்து இல்லை. முதலில் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அந்தச் சோதனையில் மொத்தம் பத்து அட்டைகள். ஐந்து கறுப்பும் சாம்பலும், இரண்டில் கூடவே சிவப்பு, கடைசி மூன்று பல வண்ணம். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஹெர்மன் ரோர்ஷாக் என்ற மனநல மருத்துவர் 1921-இல் வெளியிட்டார். உலகம் முழுக்க இன்றும் அதே பத்துதான். "இது என்னவாக இருக்கலாம்?" என்று கேட்டு, சொல்வதை வார்த்தை பிசகாமல் எழுதிக்கொள்வோம். பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் திரும்பிப் போய், அதை எந்த இடத்தில் பார்த்தீர்கள், எதனால் அப்படித் தோன்றியது என்று கேட்போம். பூச்சியைப் பார்த்தானா, பூவைப் பார்த்தானா என்பதற்குத்தான் மதிப்பெண் என்று வெளியில் நினைக்கிறார்கள். அது சின்னப் பங்குதான். முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டானா, மூலையில் ஒரு துணுக்கை மட்டும் எடுத்தானா, சொன்ன உருவம் அந்தத் தடத்தோடு பொருந்துகிறதா, நிறத்தைப் பார்த்துச் சொன்னானா, நிழல் சாயலைப் பார்த்துச் சொன்னானா, பார்த்த உருவம் அசைகிறதா, அசைகிறது என்றால் அசைவது மனிதனா, விலங்கா, உயிரில்லாத பொருளா என்றெல்லாம் குறித்து, எண்ணி, விகிதம் போடுவோம். அறிக்கை அந்த விகிதங்களிலிருந்து பிறக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஜான் எக்ஸ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. எட்டு வயதுக் குழந்தைகளுக்குச் சோதனையை வைத்துவிட்டு, சில நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். பாதிக் குழந்தைகளிடம், "போன தடவை சொன்னதைச் சொல்லக்கூடாது, புதுசா சொல்லணும்" என்று கேட்டுக்கொண்டார். குழந்தைகளும் வேறு வேறு சொன்னார்கள். ஆனால் மதிப்பெண்களைப் போட்டுப் பார்த்தால், பெரும்பாலானவை முதல் தடவையை ஒட்டியே இருந்தன. பார்த்த பொருள் மாறியது. பார்க்கும் விதம் அவ்வளவாக மாறவில்லை. இந்தச் சோதனைக்குக் காலத்தைத் தாங்கும் வலு எங்காவது இருக்கிறது என்றால், அது இந்த 'பார்க்கும் வித'த்தில்தான் இருக்கிறது.

ஆனால் எல்லா மதிப்பெண்ணும் அப்படி இல்லை. நம் உடம்பில் உயரம் என்று ஒன்று இருக்கிறது, ரத்த அழுத்தம் என்று ஒன்றும் இருக்கிறது. உயரத்தைப் போன வருடம் அளந்தாலும் இந்த வருடம் அளந்தாலும் ஒன்றுதான். ரத்த அழுத்தம் காலையில் ஒன்று, மாடிப்படி ஏறி வந்ததும் வேறொன்று. மைத்தடச் சோதனையின் அறிக்கையில் இந்த இரண்டு வகை மதிப்பெண்களும் கலந்தே உட்கார்ந்திருக்கின்றன. உயிரற்ற பொருளின் அசைவு, அதாவது சுழலும் காற்று, வெடிக்கும் எரிமலை, விழும் கல் போன்றவையும், நிழல் சாயலைச் சார்ந்த சில பதில்களும் இரண்டாவது வகை. 1965-இல் ஷாலிட் என்ற ஆய்வாளர், இஸ்ரேலியக் கடற்படையினருக்கு ஏற்கெனவே எடுத்திருந்த சோதனையைப் புயலில் அல்லாடிக்கொண்டிருந்த கப்பலில் வைத்து மறுபடியும் எடுத்தார். மனிதர்களின் அசைவைப் பார்க்கும் பதில்கள் பெரிதாக மாறவில்லை. உயிரற்ற பொருள்களின் அசைவு மட்டும் கூடிவிட்டது. தங்கள் கையில் இல்லாத ஏதோ ஒன்று தங்களைப் போட்டு ஆட்டுகிறது என்ற நிலை அந்த எண்ணிக்கையில் ஏறி உட்கார்ந்தது.

உங்கள் மகன் 16 வயதில் புயலில் இருந்தான். பள்ளிக்கூடம் போகாமல், அறைக்குள் அடைந்து, தெரியாத ஊரில் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறான். "நெருக்கடியைத் தாங்கும் திறன் குறைவு" என்று அன்றைக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. "தற்போது" என்ற ஒரு வார்த்தையை எழுதியவர் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருந்தால் ஐந்து வருடம் நீங்கள் அழுதிருக்க மாட்டீர்கள். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

வயதும் முக்கியம். எக்ஸ்னரும் அவருடைய குழுவினரும் ஒரே குழந்தைகளை 8 வயதிலிருந்து 16 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே வந்தார்கள். 14 வயதுக்கு முன்னால் பெரும்பாலான மதிப்பெண்கள் நிலைகொள்ளவில்லை. 14-க்கும் 16-க்கும் இடையில்தான் கொஞ்சம் கொஞ்சமாக நிற்கத் தொடங்கின. உங்கள் மகன் அந்த வாசற்படியில் நின்ற வயது.

இன்னொன்று, பதில்களின் எண்ணிக்கை. வளரிளம் பையன்களைச் சோதித்தவர்களுக்குத் தெரியும்: அட்டையை ஒரு நொடி பார்த்துவிட்டு "பூச்சி" என்பான், திருப்பி நீட்டிவிடுவான். எக்ஸ்னர் வகுத்த மதிப்பெண் முறையில் மொத்தம் 14 பதிலுக்குக் குறைந்தால் அந்தப் பதிவை வைத்துப் பொருள் சொல்லக்கூடாது. 14, 15 என்று மயிரிழையில் தப்பித்த பதிவுகளில் ஒரே ஒரு பதில் இடம் மாறினாலும் விகிதம் குப்புற விழும். 21 வயதில் நிதானமாக 25 பதில் சொல்லியிருந்தால், அந்த எண்ணிக்கை ஒன்றே அறிக்கையை வேறாக்கிவிடும். 2011-இல் வந்த புதிய மதிப்பீட்டு முறையில் இதற்காகவே ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு அல்லது மூன்று பதில் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். நாலு வந்ததும் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் மகனுக்கு முதலில் பழைய முறை, அடுத்து புதிய முறை என்று எடுத்திருந்தால், இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதே சரியில்லை.

சாதாரண மக்களின் மதிப்பெண்களோடு ஒப்பிடும் அட்டவணையும் மாறியிருக்கலாம். எக்ஸ்னரின் பழைய பொதுமக்கள் அட்டவணையை வைத்துப் பார்த்தால் சாதாரண ஆட்களே நோயாளிகள் போலத் தெரிகிறார்கள் என்பதை 1999-இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 123 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அதற்குப் பிறகுதான் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்த அட்டவணை 2007-இல் வந்தது. தமிழ்நாட்டில் உட்கார்ந்து மதிப்பெண் போடும் எங்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கோயில் தூணைப் பார்த்து வளர்ந்த ஒருவர் ஓர் அட்டையைப் பார்த்து "யாளி" என்று அழகாக, பொருத்தமாகச் சொல்வார். அமெரிக்காவில் தொகுத்த பதில் பட்டியலில் யாளியை எங்கே போய்த் தேடுவது? ஒரு உளவியலாளர் அதைப் பொருத்தமான உருவம் என்று குறிப்பார். தூணை உற்றுப் பார்க்காத இன்னொருவர் 'பொருந்தாத உருவம்' என்று குறித்துவிடலாம். பையன் மாறவில்லை, ஆனால் "சிந்தனையில் ஒழுங்கு குறைவு" என்ற வரி அங்கிருந்துகூட வரும்.

இருந்தாலும் அந்த ஒரு வரியை நான் முழுக்கத் தள்ளிவிடச் சொல்லமாட்டேன். இந்தச் சோதனை மற்ற எதையும்விட நன்றாகப் பிடிப்பது சிந்தனைக் குழப்பத்தைத்தான். அப்படி ஒரு குறிப்பு வந்தால் நேரில் பேசி, வீட்டாரிடம் விசாரித்து, காலப்போக்கில் கவனித்து உறுதிசெய்ய வேண்டும். உங்கள் மகன் விஷயத்தில் ஐந்து வருடம் போய்விட்டது. படித்தான், முடித்தான், வேலையில் நிற்கிறான். அந்த ஐந்து வருடம் சொல்வதற்கு எந்த அட்டையையும்விட எடை அதிகம். இரண்டு அறிக்கைகளையும் இப்போது பார்க்கும் மருத்துவரிடமே கொடுங்கள். இரண்டு முறையும் எத்தனை பதில், எந்த மதிப்பீட்டு முறை, அப்போது என்ன மாத்திரை என்று பார்க்கச் சொல்லுங்கள். மகனின் தூக்கத்தைப் பற்றித்தான் இனிப் பேச்சு இருக்க வேண்டும்.

நான் பி.எட். படிக்கிறேன். 'புறத்தேற்று முறைகள்' (தெளிவில்லாத படம் போன்றவற்றைக் காட்டி, சொல்லும் பதிலிலிருந்து மனதை அறியும் முறைகள்) பாடத்தில் ரோர்ஷாக் சோதனையின் நம்பகம் குறைவு என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். நான் தேடிப் பார்த்ததில் ஒரு இடத்தில் மறுசோதனை ஒட்டுறவுக் கெழு 0.80-க்கு மேல் என்றும், இன்னொரு இடத்தில் 0.50-ஐ ஒட்டி என்றும் இருக்கிறது. தேர்வில் எதை எழுதுவது?
– ஆர்.கே., துறையூர்

தேர்வில் இரண்டையும் எழுதுங்கள் தம்பி, யார் எப்போது கண்டது என்பதோடு சேர்த்து. மற்ற வாசகர்களுக்காக: இரண்டு தடவை எடுத்த மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்தான் இந்தக் கெழு; 1-ஐ நெருங்க நெருங்க ஒற்றுமை அதிகம்.

0.80 என்பது எக்ஸ்னர் பக்கத்திலிருந்து வந்தது. 1978-இல் வெளியான ஆய்வில், நோயாளிகள் அல்லாத 100 பெரியவர்களை மூன்று வருடம் கழித்து மறுபடியும் சோதித்தார்கள். பல மதிப்பெண்கள் 0.80-ஐத் தாண்டின. மேலே சொன்ன புயல் வகை மதிப்பெண்கள் அந்த ஆய்விலேயே மிகக் குறைவாகத்தான் வந்தன. எக்ஸ்னர் அதை மறைக்கவில்லை. 0.50 என்பது பிரான்சில் செர்ஜ் சுல்தானும் அவருடைய குழுவும் 2006-இல் வெளியிட்டது. 75 பேர், மூன்றே மாத இடைவெளி. பொருள் சொல்வதற்கு முக்கியமான 47 மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். நடுப்புள்ளி 0.53. மூன்று வருடத்துக்கு 0.80 வந்த இடத்தில் மூன்று மாதத்துக்கு 0.53! பதில்களின் எண்ணிக்கையும் அன்றைய மனவேதனையும் இந்த ஏற்ற இறக்கத்தோடு சம்பந்தப்பட்டிருந்தன என்பதையும் அவர்கள் காட்டினார்கள். இரண்டுக்கும் நடுவில் 2003-இல் நார்வேயைச் சேர்ந்த குரோனரோட், அதுவரை வந்த மறுசோதனை ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, மொத்தத்தில் நிலைப்பு நன்றாகவே இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

எக்ஸ்னரின் பல ஆய்வுகள் அவருடைய சொந்த அமைப்பிலேயே நடந்தவை, விவரங்கள் முழுமையாகப் பதிப்பிக்கப்படவில்லை என்று ஜேம்ஸ் வுட், ஸ்காட் லிலியன்ஃபெல்ட் போன்ற விமர்சகர்கள் விடாமல் எழுதினார்கள். 700 பேர் கொண்ட அவருடைய பொதுமக்கள் தொகுப்பில் 221 பதிவுகள் இரட்டிப்பாக நுழைந்திருந்ததைப் பிற்பாடு எக்ஸ்னரே தெரிவிக்க வேண்டியிருந்தது. எண்களை வெளியார் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். அதனால் நான் சுல்தான் குழுவின் எண்ணை அதிகம் நம்புகிறேன். வெளியிலிருந்து வந்தவர்கள், எக்ஸ்னர் முறையையே பின்பற்றிச் செய்தவர்கள்.

பேராசிரியர் ஒருவேளை சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது ஒன்று உண்டு. அது எனக்குத் தேர்வைவிட முக்கியம். ஒட்டுறவுக் கெழு என்பது கூட்டத்தைப் பற்றிய எண். முதல் தடவை மேலே இருந்தவர்கள் மறு தடவையும் மேலே இருக்கிறார்களா என்று மட்டும் அது சொல்லும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பேச, அதை மாற்றிக் கணக்குப் போட வேண்டும். சராசரி 100, திட்ட விலக்கம் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய முறையில் அப்படித்தான் மதிப்பெண் தருகிறார்கள். கெழு 0.80 என்றால் அளவீட்டின் திட்டப் பிழை, அதாவது மதிப்பெண் தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, ஏறக்குறைய 7. கெழு 0.53 என்றால் 10-ஐத் தாண்டும். அந்த 0.53-இல், பத்துப் பேரை மறுபடி சோதித்தால், அவர்களிடம் எந்த மாற்றமும் இல்லாமலே, ஏறக்குறைய மூன்று பேருக்கு 15 புள்ளியோ அதற்கும் அதிகமாகவோ மேலே அல்லது கீழே போய்விடும். இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். போட்டவர் எவரும் பிறகு ஒரே மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு எழுதமாட்டார்.

கேள்வித்தாள் வகைச் சோதனைகள் மட்டும் அசையாதவை என்று நினைத்துவிடாதீர்கள். 2000-இல் ராபர்ட்ஸ், டெல்வெக்கியோ இருவரும் 152 தொடர் ஆய்வுகளைத் திரட்டினார்கள். ஆறேழு வருட இடைவெளிக்கு, குழந்தைப் பருவத்தில் 0.31, கல்லூரி வயதில் 0.54, முப்பது வயதில் 0.64, ஐம்பதைத் தாண்டினால் 0.74. ஆளுமை என்பதே வயதோடு மெல்ல மெல்ல உறைவது. கல்லூரி வயதில் எடுத்த எந்தச் சோதனையிலும் ஒரு பங்கு அசைவு மனிதருடையது, இன்னொரு பங்கு கருவியுடையது. எவ்வளவு எதனுடையது என்று ஒரு தனி மனிதரிடம் பிரித்துச் சொல்ல முடியாது.

நம்பகம், ஏற்புடைமை இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று உங்கள் பாடத்திலேயே இருக்கும். மிஹுராவும் குழுவினரும் 2013-இல் எக்ஸ்னர் முறையின் 65 மதிப்பெண்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது அளப்பதாகச் சொல்வதை அளக்கிறதா என்று பார்த்தார்கள். அறிவாற்றலையும் புலன் உணர்வையும் சிந்தனை ஒழுங்கையும் சார்ந்தவை நன்றாக நின்றன. பலவற்றுக்கு ஆதாரம் போதவில்லை. விமர்சகர்களான வுட் குழுவினரும், சிந்தனைக் குழப்பத்தை அளக்கும் பகுதியைப் பயன்படுத்துவதற்கு இனி எதிர்ப்பில்லை என்று எழுதினார்கள். இரண்டு தரப்பும் கணக்கை எடுத்து மேசைமேல் வைத்துப் பேசி ஒரு பகுதியிலாவது ஒத்துப்போன இந்த நிகழ்வை, பாடம் நடத்தப் போகும் நீங்கள் மாணவர்களிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

பத்து அட்டைகளையும் இணையத்தில் பார்த்துவிட்டேன். அடுத்த மாதம் எனக்குச் சோதனை இருக்கிறது. இனி எடுத்துப் பயனில்லையா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

பயன் உண்டு. போனதும் முதல் வேலையாக, பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்ட அட்டைகள் அவை. 2009-இல் ஜேம்ஸ் ஹெய்ல்மன் என்ற கனடா மருத்துவர் பத்தையும் விக்கிப்பீடியாவில் ஏற்றியபோது பெரிய சண்டையே நடந்தது; படங்கள் அங்கேயே இருக்கின்றன. படத்தை முன்பே பார்த்திருப்பது அவ்வளவு கேடு செய்யாது. மறுசோதனைக்கு வரும் எல்லோரும் முன்பே பார்த்தவர்கள்தானே! 'நல்ல பதில்' இது என்று எங்கோ படித்து மனப்பாடம் செய்து வருவதுதான் கேடு. அப்படி வந்தால், உங்களுக்கு உதவி தேவைப்படும் இடம் எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். எந்த அட்டைக்கு எது வழக்கமான பதில் என்று கேட்டு இன்னும் இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நான் எழுதமாட்டேன், மன்னிக்கவும்.

ரோர்ஷாக் தன் சோதனையை இப்படிப் பல வருடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தாரா? நாஜித் தலைவர்களுக்கும் இதை வைத்ததாகப் படித்தேன். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் அறிய ஆவல்.
– வி.எம்., கும்பகோணம்

ஐயா, அவருக்கு அதற்கு ஆயுள் இல்லை. புத்தகம் 1921 நடுவில் வந்தது. 1922 ஏப்ரல் 2-ஆம் தேதி, குடல்வால் அழற்சி முற்றி, 37 வயதில் சுவிட்சர்லாந்தின் ஹெரிசாவில் இறந்துபோனார். நோயாளிகளும் மற்றவர்களுமாக 405 பேரின் பதிவுகளை வைத்து எழுதிய புத்தகம் அது. அதை முடிவான கருவி என்று அவர் நினைக்கவில்லை, நடந்துகொண்டிருக்கும் பரிசோதனை என்றுதான் நினைத்தார். ஒரே ஆளை மறுபடியும் சோதிக்க வேண்டுமானால் வேறு அட்டைகள் தேவை என்ற எண்ணம் அந்த வட்டத்தில் அப்போதே இருந்தது. ஹெரிசாவில் அவரோடு இருந்த பென்-எஷன்பர்க் ஓர் இணைத் தொகுதியை உருவாக்கினார். அதை நன்றாக வளர்த்தெடுத்திருந்தால் இன்றைய தகராறுகளில் பாதி இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

அந்த வேலையை முறையாகச் செய்தவர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வேய்ன் ஹோல்ட்ஸ்மன். 1961-இல் வந்த அவருடைய மைத்தடச் சோதனையில் 45 அட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பதில், அதே அளவு இன்னொரு இணைத் தொகுதி. பதில் எண்ணிக்கைப் பிரச்சினை, நினைவில் வைத்துச் சொல்லும் பிரச்சினை இரண்டும் ஒரே வீச்சில் தீர்ந்தன. மெக்ஸிகோ உளவியலாளர் தியாஸ்-கெரேரோவோடு சேர்ந்து, ஆஸ்டின் நகரிலும் மெக்ஸிகோ நகரிலும் குழந்தைகளை ஆறு வருடம் ஆண்டுதோறும் சோதித்தார்கள். நம்பகம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இதுதான் மேலானது. ஆனாலும் மருத்துவமனைகளில் பரவவில்லை. நூறு வருடப் பழக்கம் பத்து அட்டைகளின் பக்கம் நின்றுவிட்டது.

நாஜிகள் விஷயம் உண்மை. நியூரம்பர்க் சிறையில் டக்ளஸ் கெல்லி என்ற மனநல மருத்துவரும், கஸ்டாவ் கில்பர்ட் என்ற உளவியலாளரும் தனித்தனியாகச் சோதித்தார்கள்; ஹெர்மன் கோரிங் இருவரிடமும் பதில் சொன்னவர். கில்பர்ட் அவர்களைத் தனி வகை மனநோயாளிகளாகப் பார்த்தார். கெல்லியோ, இப்படிப்பட்டவர்கள் எந்த நாட்டிலும் கிடைப்பார்கள் என்றார். பின்னாளில் 1976-இல் மாலி ஹாரோவர், அந்தப் பதிவுகளைப் பெயரை மறைத்து மற்றவர்களின் பதிவுகளோடு கலந்து வல்லுநர்களிடம் கொடுத்தபோது, எது நாஜியுடையது என்று அவர்களால் பிரித்தெடுக்க முடியவில்லை. யாருடைய பதிவு என்று தெரிந்த பிறகு படிப்பவரின் கண் எங்கெல்லாம் போகும் என்பதற்காக, பயிற்சிக்கு வரும் எல்லா மாணவர்களுக்கும் இதைச் சொல்வேன்.

எனக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. திருமணத்துக்கு முன்பு, எட்டு வருடத்துக்கு முந்தி, அப்பா இறந்த சமயத்தில் எனக்கு எடுத்த மைத்தடச் சோதனை அறிக்கையை எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் காட்டப்போவதாகச் சொல்கிறார்கள். "உணர்ச்சி நிலையில்லாதவர்" என்று அதில் இருக்கிறது. குழந்தையை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

சகோதரி, பயப்படாதீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தச் சோதனையைத் தெரிந்தவள் என்ற முறையில் சொல்வதை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அப்பாவை இழந்த நாட்களில் எடுத்த சோதனை அன்றைய துக்கத்தை அளந்திருக்கிறது. மேலே கடற்படையினரைப் பற்றி எழுதியது உங்களுக்கும் பொருந்தும். எட்டு வருடத்துக்குப் பிறகு நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு தகவலும் இல்லை. ஒருவர் நல்ல தாயாக இருப்பாரா என்பதை இந்த அட்டைகள் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு எடுத்தாலும் சொல்லாது. அப்படி ஒரு மதிப்பெண் இந்தச் சோதனையில் கிடையாது.

சட்டமும் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 3-ஆம் பிரிவு, முன்பு மனநலச் சிகிச்சை எடுத்ததோ மருத்துவமனையில் இருந்ததோ மட்டுமே இப்போதைக்கோ இனிமேலுக்கோ ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கப் போதாது என்கிறது. சிகிச்சையே போதாது என்றால் ஒரு சோதனைத்தாள் எப்படிப் போதும்? 23-ஆம் பிரிவு உங்கள் மனநல விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது; அறிக்கை எப்படி எதிர்த்தரப்பின் கைக்குப் போனது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 25-ஆம் பிரிவின்படி உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்களே கேட்டு வாங்கலாம். அந்த இறுதி வரி மட்டும் போதாது. எத்தனை பதில், எந்த முறை, யார் மதிப்பெண் போட்டார், அவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுவின் பதிவு இருந்ததா என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். குறுக்கு விசாரணையில் அவைதான் பேசும்.

தேவைப்பட்டால் இப்போது நேர்காணல், மற்ற சோதனைகள், குழந்தையோடு நீங்கள் இருக்கும் விதத்தை நேரில் கவனிப்பது எல்லாம் சேர்ந்த புதிய மதிப்பீட்டை நீதிமன்றமே கேட்கட்டும். அதற்குத் தயங்காதீர்கள். இதுபோன்ற பழைய தாள்களைப் பெண்களுக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு வருவதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எழுதிய உளவியலாளர்கள் இதை எதிர்பார்த்து, "இந்த அறிக்கை இந்தத் தேதிக்கு, இந்த நோக்கத்துக்கு மட்டும்" என்று அடியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். என் சக உளவியலாளர்கள் இந்தப் பகுதியைப் படித்தால், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒருமுறை எடுத்தால், மறுபடி எவ்வளவு நாள் கழித்து எடுக்கலாம்?
– டி.ஜெ., நாகர்கோவில்

இத்தனை மாதம் என்று விதி இல்லை. ஏன் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சிகிச்சையால் மாற்றம் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக என்றால், சிகிச்சை வேலை செய்ய நேரம் கொடுத்துவிட்டு எடுக்கலாம். முதல் தடவை காய்ச்சலில், தூக்கமில்லாமல், அல்லது வேண்டாவெறுப்பாகப் பத்துப் பதிலோடு முடித்திருந்தால், காத்திருக்கத் தேவையே இல்லை. அடுத்த வாரமே எடுக்கலாம். முடிந்தால் அதே மதிப்பீட்டு முறையில் எடுக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் போடுபவர் முதல் அறிக்கையைப் படிக்காதவராக இருந்தால் இன்னும் நல்லது. மதிப்பெண் போட்டு முடித்த பிறகு பழைய அறிக்கையை எடுத்து ஒப்பிடட்டும். போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியை மறக்காதீர்கள், எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.